முதல்ல திருப்பு, அப்புறம் வெட்டு, கடைசியா சுருக்கு!

பேங்க் எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் போடப் போறீங்களா? கடைசி நாள் ராத்திரி போட்டோவோடு மல்லுக்கட்டாமல் இருக்க, இந்த வாரப் பாடம் உங்களுக்குத்தான்.

ஐ.பி.பி.எஸ். கேட்பது 200 x 230 பிக்ஸலில், 20 முதல் 50 கே.பி.க்குள் ஒரு படம். உங்க மொபைல் தருவதோ 3000 x 4000. அதை அப்படியே அமுக்கினால் முகம் பக்கவாட்டில் உப்பிடும். முகம் தெளிவா இல்லைன்னா அப்ளிகேஷனே அவுட் ஆகலாம்!

கைகொடுக்க ஜிம்ப் இருக்கு. பைசா செலவில்லை. 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ்னு உங்களை மாதிரி ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் ஆரம்பிச்சது.

1. திருப்பு: படம் படுத்துக் கிடக்கா? இமேஜ் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம் போய் 90 டிகிரி திருப்புங்க.

2. வெட்டு: க்ராப் டூலில் 'ஃபிக்ஸ்ட்' டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 200:230 கொடுங்க. முகமும் தோளும் உள்ளே வரணும்.

3. சுருக்கு: 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலம் 200. பக்கத்துச் சங்கிலி பூட்டியிருந்தா உயரம் தானா வந்துடும். 230-ஆ இருக்கான்னு மட்டும் பாருங்க.

4. 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து ஜேபெக்காக மாத்துங்க. ப்ரிவ்யூ டிக் செய்தால் சைஸ் தெரியும். 50-ஐத் தாண்டினா குவாலிட்டியைக் குறைங்க. 20-க்குக் கீழே போனா ஏத்துங்க.

முக்கியமா, வேற பேரில் சேமிங்க. 1 கோடியே 20 லட்சம் பிக்ஸல், வெறும் 46 ஆயிரமா ஆகியிருக்கு. மறுபடி பெருசாக்கினா மங்கல்தான் மிஞ்சும். ஒரிஜினல் பத்திரம் பாஸ்!