"நல்லாத்தானே ஓடுது" என்பது பதில் ஆகாது

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று ஜாப் ஒர்க் ஷாப்புகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில், டூல் போகும் பாதையை வகுத்துத் தரும் கேம் (CAM) சாப்ட்வேரைப் புதிதாக வாங்கலாமா என்று முதலாளி கேட்டால் சீனியர் புரோகிராமர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "இருக்கறதே நல்லாத்தானுங்க ஓடுது. எதுக்கு மாத்தணும்?"

அப்படிச் சொல்பவரைச் சோம்பேறி என்று யாரும் நினைக்க வேண்டாம். கால்குலேட்டரில் சைன், காஸ் போட்டுப் புள்ளி கண்டுபிடித்து, கையாலேயே ஜி கோடு எழுதிய தலைமுறை அந்த அண்ணன். மெஷின் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கியதைச் சொல்லிவிடுவார். அவர் சொல்லும் காரணங்களுக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வதுதான் முறை. 'பெருசுக்குப் புதுசு பிடிக்காது' என்று கேன்டீனில் பேசிவிட்டுப் போவதில் யாருக்கும் பயனில்லை.

முதல் காரணம்: "மெஷினுக்குப் புரியறது அதே ஜி கோடுதான். சாப்ட்வேர் புதுசானா மெஷின் புதுசா ஓடிடுமா?"

ஜி கோடு மாறவில்லை என்பது உண்மை. ஆர்.எஸ். 274 டி என்ற தரம் 1980இல் வந்தது. ஜி01, ஜி02, ஜி03 எல்லாம் இன்றும் அதே பொருளில்தான் ஓடுகின்றன. ஆனால் டூல் எந்த வழியில் போக வேண்டும் என்பதை ஜி கோடு தீர்மானிப்பதில்லை. பழைய சாப்ட்வேரில் பாக்கெட் எடுத்தால், சுவரின் வடிவத்தையே உள்ளே உள்ளே நகர்த்தி வரிசையாக ஓடும் டூல்பாத் கிடைக்கும். நேர்க்கோட்டில் 50 சதவீத ஸ்டெப் ஓவரில் டூல் 90 டிகிரி அளவுக்கு மெட்டீரியலில் பதிந்திருக்கும். உள்மூலையில் திரும்பும்போது அது 180 டிகிரி ஆகிவிடும், அதாவது முழு ஸ்லாட் அடிப்பதற்குச் சமம். மூலைக்கு மூலை வரும் அந்தக் கிறீச் சத்தத்துக்கு இதுதான் காரணம். அந்த மூலையில் டூல் உடையக் கூடாது என்பதற்காக, அண்ணன் முழு ஜாபுக்கும் பீடைக் குறைத்து வைத்திருப்பார். பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கான பயத்தில் மீதி ஒன்பது பங்கும் மெதுவாக ஓடுகிறது.

புதிய டூல்பாத் இதைத் தலைகீழாகப் போடுகிறது. மாஸ்டர்கேமில் டைனமிக் மில், ஃபியூஷனில் அடாப்டிவ், சாலிட்கேமில் ஐமெஷினிங் என்று பெயர்கள் வேறானாலும் நோக்கம் ஒன்று: டூல் பதியும் கோணத்தை ஓர் எல்லைக்கு மேல் போக விடாமல் பாதையை வகுப்பது.

கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஈ.என். 8 ஸ்டீல், 12 மி.மீ. நான்கு ஃப்ளூட் கார்பைடு எண்ட் மில், 3000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் 6 மி.மீ. ஸ்டெப் ஓவர், 3 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 800 மி.மீ. பீட். நிமிடத்துக்கு 14.4 கன செ.மீ. மெட்டீரியல் வெளியேறும். புதிய முறையில் விட்டத்தில் பத்து சதவீதம், அதாவது 1.2 மி.மீ. ஸ்டெப் ஓவர், ஆழம் 24 மி.மீ. இவ்வளவு குறைந்த பக்கவாட்டு வெட்டில் சிப்பின் தடிமன், ஒரு பல்லுக்கு நாம் கொடுக்கும் பீடில் 60 சதவீதம்தான் வரும். அதே தடிமனைக் கொண்டுவர பீடை 1.67 மடங்கு ஏற்றலாம்; அது சுமார் 1336 மி.மீ. இப்போது நிமிடத்துக்கு 38 கன செ.மீ.க்கு மேல் போகிறது. அதே மெஷின், அதே டூல், அதே ஸ்பிண்டில் வேகம். கூடவே, 3 மி.மீ. ஆழத்தில் ஓட்டும்போது எண்ட் மில்லின் நுனி மட்டும் தேய்கிறது. காசு கொடுத்து வாங்கிய மீதி ஃப்ளூட் நீளம் வேலையே செய்யாமல் ரீகிரைண்டிங்குக்குப் போகிறது.

எல்லா ஜாபிலும் இது கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 4 மி.மீ. ஆழமுள்ள பாக்கெட், துளை போடும் பிளேட், முகம் எடுக்கும் வேலை ஆகியவற்றில் லாபம் சொற்பம். டூலை நீளமாக வெளியே விட்டுப் பிடிக்க வேண்டிய இடத்திலும், வைஸ் பிடி போதாத இடத்திலும் 24 மி.மீ. ஆழம் என்று இறங்கினால் ஜாபே பெயர்ந்து வந்துவிடும். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று சொல்ல அண்ணனைவிடத் தகுந்த ஆள் ஷாப்பில் கிடையாது. விற்பனைக்கு வருகிறவர்கள் மெத்தென்ற அலுமினியத்தில் டெமோ காட்டிவிட்டுப் போவதால்தான் இந்தப் பேச்சின்மேல் அவருக்கு நம்பிக்கை வராமல் போகிறது.

இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது: "அந்த டூல்பாத்துக்கு வர்ற புரோகிராம் நீளத்துக்கு நம்ம பழைய ஃபானக் கன்ட்ரோல் தாங்காதுங்க."

சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத இளைஞர் அப்கிரேடு பற்றிப் பேசவே கூடாது. பழைய கன்ட்ரோலில் மெமரியை டேப் நீளத்தில் சொல்வார்கள். 320 மீட்டர் டேப் என்றால் சுமார் 1,26,000 எழுத்துகள். ஒரு வரிக்கு 20 எழுத்து வைத்தாலும் ஆறாயிரம் வரியைத் தாண்டியதும் நிரம்பிவிடும். சரி, கம்ப்யூட்டரிலிருந்து வரி வரியாக அனுப்பி டி.என்.சி.யில் ஓட்டலாம் என்றால், ஆர்.எஸ். 232 கேபிளில் 9600 பாட் வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 900 எழுத்துகள், அதாவது 45 வரிகள்தான் போகும். ஒவ்வொரு வரியும் 0.2 மி.மீ. நகர்வு என்றால் நிமிடத்துக்கு 540 மி.மீ.க்கு மேல் மெஷின் ஓடவே முடியாது. நாம் கேட்பதோ 1336. டேட்டா வந்து சேராமல் மெஷின் விக்கி விக்கி நிற்கும், ஜாபில் புள்ளி புள்ளியாகத் தடம் விழும்.

அண்ணனின் பயம் இந்த இடத்தில் நியாயமானது. ஆனால் தீர்வும் அதே சாப்ட்வேருக்குள் இருக்கிறது. சின்னச் சின்ன நேர்க்கோடுகளைச் சேர்த்து ஜி02, ஜி03 வளைவுகளாக மாற்றும் ஆர்க் ஃபில்டரை ஆன் செய்ய வேண்டும். ரஃபிங்கில் 0.3 மி.மீ. அலவன்ஸ் விடுகிறோம், அங்கே 0.01 டாலரன்ஸ் கேட்பது வீண். 0.05 கொடுத்தாலே வரிகள் வெகுவாகக் குறையும். இப்படி வளைவுகளாக மாறிய பாதை பழைய கன்ட்ரோலுக்கும் சுலபம். அதன் பிறகும் தாங்காத மெஷின் ஒன்றிருந்தால், அந்த மெஷினுக்குப் பழைய டூல்பாத்தே போகட்டும். ஒரு மெஷினுக்காக மற்ற நான்கையும் மெதுவாக ஓட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, டூல்பாத்தை நம் மெஷினுக்கேற்ற ஜி கோடாக மாற்றித் தரும் போஸ்ட் புராசசர். "இந்தப் போஸ்டைச் சரி பண்ண எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? புதுசுல ஒரு எம் கோடு மாறினா ஸ்பிண்டில் போய் டேபிள்ல இறங்கும்." உள்ளுக்குள் இருக்கும் உண்மையான தயக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். டூல் மாற்றும் முன் எங்கே போய் நிற்க வேண்டும், கூலன்ட் எப்போது நிற்க வேண்டும், ஜி43 எந்த வரியில் வர வேண்டும் என்று வருடக்கணக்கில் பட்டுத் தெரிந்து திருத்திய கோப்பு அது. அவர் காப்பாற்ற நினைப்பதும் அந்த அறிவைத்தான்.

அந்த அறிவு பழைய கம்ப்யூட்டரின் ஒரு ஃபோல்டரில் மட்டும் கிடப்பதே பெரிய ஆபத்து. ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றால் கோப்பு போய்விடும்; பழைய பேரலல் போர்ட் டாங்கிளைப் பொருத்தப் புதிய கம்ப்யூட்டரில் இடமே இருக்காது. ஆகவே புதிய போஸ்டை அண்ணனே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். முன்பு நன்றாக ஓடிய ஒரு ஜாபை எடுத்து, புதியதிலும் அதே ஆபரேஷன்களைப் போட்டு, இரண்டு என்.சி. கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மாறும் வரிகளைச் சிவப்பாகக் காட்டும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. பிறகு இசட் ஆஃப்செட்டை 100 மி.மீ. மேலே தூக்கி, சிங்கிள் பிளாக்கில் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். போஸ்டில் அவர் வைத்த ஒவ்வொரு பாதுகாப்பும் புதியதில் வந்து சேர்ந்த பிறகே முதல் ஜாபை ஏற்ற வேண்டும்.

பழைய ஜாபுகளின் கோப்புகள் வீணாகிவிடும் என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் ஜாப் என்.சி. கோப்பிலிருந்துதான் ஓடுகிறது, அதை யாரும் தொடப்போவதில்லை. டிராயிங்கில் ரிவிஷன் வரும் ஜாபை மட்டும் புதியதில் போட்டால் போதும். மற்றபடி, கஸ்டமர் அனுப்பும் மாடல்தான் இன்று தலைவலி. ஐஜெஸ் வடிவத்தின் கடைசிப் பதிப்பு 1996இல் வந்தது. பழைய சாப்ட்வேருக்காக மாடலை அந்த வடிவத்தில் மாற்றித் தரச் சொல்லி வாங்கினால் சர்ஃபேஸ் நடுவே இடைவெளி, விட்டுப்போன முகம் என்று ஒட்டுப்போடுவதிலேயே பொழுது போகும். ஸ்டெப் கோப்பையும் சாலிட் மாடலையும் நேராகத் திறக்கும் சாப்ட்வேர் இருந்தால் அந்த வேலையே இல்லை.

பழைய கம்ப்யூட்டரின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் வரும் பதில்: "நம்ம கம்ப்யூட்டர்ல நெட்டே கிடையாது, வைரஸ் எப்படி வரும்?" பென் டிரைவில் வரும். பழைய சாப்ட்வேருக்காகப் பழைய விண்டோஸையே வைத்திருப்பது அந்த ஆபத்தைக் கூட்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும் ஆதரவை நிறுத்திவிட்டது. உலகின் மிகப் பெரிய சிப் தயாரிப்பாளர்களில் ஒன்றான தைவானின் டி.எஸ்.எம்.சி.யில் 2018 ஆகஸ்டில் உற்பத்தியே நின்றது. புது மெஷினுக்கு சாப்ட்வேர் ஏற்றியபோது உள்ளே வந்த வைரஸ் காரணம்.

விலை விஷயத்திலும் அண்ணன் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஒருமுறை வாங்கி என்றைக்கும் வைத்துக்கொண்ட காலம் போய், வருட வாடகை என்ற ஏற்பாடு பரவிவிட்டது. வாடகையில் எடுத்தால் விதிகள் நம் கையில் இருக்காது. ஃபியூஷனின் இலவசத் தனிநபர் உரிமத்தில் 2020 அக்டோபர் முதல் ரேபிட் நகர்வையே எடுத்துவிட்டார்கள். தொழிலுக்கு அந்த உரிமத்தைப் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே என்ன உரிமம், பணம் கட்டாத வருடம் பழைய வெர்ஷனாவது ஓடுமா, நம் மெஷினுக்கான போஸ்டை யார் செய்து தருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் செக் கொடுக்கக் கூடாது. இந்தக் கேள்விகளை அண்ணனே கேட்கட்டும். மெஷின் ரேட் மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமானாலே 300 வேலை நாளில் 1,20,000 ரூபாய் ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் தன் ஷாப்பில் மிச்சமாகுமா என்பதை ஒவ்வொருவரும் சொந்த ஜாபை ஓட்டித்தான் அறிய முடியும்.

"இந்த வயசுல இனிமே என்னத்தக் கத்துக்கறது" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். கையால் ஜி கோடு எழுதியவர் கேம் சாப்ட்வேருக்கு வந்ததுதான் பெரிய தாவல். அதைத் தாண்டியவருக்கு இது சின்ன வாய்க்கால்.

இளம் புரோகிராமர்களுக்கு: யூடியூப் வீடியோவைக் காட்டி அண்ணனிடம் வாதாடாதீர்கள். ஆழமான பாக்கெட் உள்ள ஒரு ஜாபை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டூல், பீட், ஆழம் எல்லாம் அவர் சொல்வதாகவே இருக்கட்டும். பழைய புரோகிராம், புதிய புரோகிராம் இரண்டையும் அதே மெஷினில் ஓட்டி, நேரத்தை அவரே குறிக்கட்டும். முதலாளிகளுக்கு: சாப்ட்வேருக்குப் பணம் ஒதுக்கும்போது, அவர் உட்கார்ந்து பழக இரண்டு வாரத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். அந்த இரண்டு வாரம் டெலிவரி கேட்டு அவரை நெருக்காதீர்கள்.