கண்ணை மூடச் சொல்லும் முன்...

பிள்ளைகளுக்கு யோகம் கற்பிக்கப் போகிறார்களாம். மன அமைதியும் கற்பிக்கப் போகிறார்களாம். கற்பிக்க வருகிறவர்களுக்கு முன்னதாகவே பயிற்சியாம். வார இறுதியிலே வகுப்பு, கட்டணம் கட்டினால் சான்றிதழ், சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே ஆசிரியர்! கைப்பேசியைத் திறந்தால் இத்தகைய விளம்பரங்கள்தான் வந்து விழுகின்றன.

நல்லது. பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கட்டும். நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கட்டும். சினம் சீறி வரும்போது சற்று நின்று நிதானிக்கட்டும். இதை வேண்டாம் என்று சொல்லுகிற விவேகசூனியர்கள் அல்லர் நாம். உடலைப் பேணுவது எந்த மதத்துக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்தல்ல. ஏடு பிடிக்கும் கைக்கு உரியவனுக்கும் மூச்சு உண்டு. ஏர் பிடிக்கும் கைக்கு உரியவனுக்கும் மூச்சு உண்டு.

நாம் கேட்பது வேறு. கற்பிக்க வருகிறவர் யார்? அவருக்குக் கற்பித்தவர் யார்? எந்தப் பிள்ளையின் முன்னே அவர் நிற்கப் போகிறார்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுங்கள் என்கிறோம்.

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

மூங்கில்துறைப்பட்டு, தென்பெண்ணைக் கரையிலே உள்ள ஊர். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவைப் பருவம் வந்துவிட்டால் வண்டி வண்டியாய்க் கரும்பு வரும். அந்தக் கரும்பை வெட்டுகிறவன் விடியுமுன்பே வயலில் நிற்கிறான். அவன் துணைவி கட்டுக் கட்டுவதற்கு உடன் போகிறாள். வீட்டிலே பிள்ளை தானே எழுந்து, தம்பியையும் எழுப்பி, தலைவாரி, பள்ளிக்கு வருகிறது. மேற்கே கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடி மக்களில் வேலை தேடி மலையிறங்கி வெளியூர் போகிறவர்கள் உண்டு. அவர்கள் திரும்பும்வரை பிள்ளைக்கு உண்டு உறைவிடப் பள்ளியே வீடு. அல்லது பாட்டியின் மடியே வீடு.

இந்த மாவட்டத்தின் தலைநகரிலே, கருணாபுரத்திலே, 2024 ஜூன் திங்களில் நடந்ததை நாடு மறக்கவில்லை. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களிலே பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்டவர்கள். தாயையும் தந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. அரசு உதவித்தொகை அறிவித்தது. படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னது. செய்ய வேண்டியதுதான். ஆனால் தொகை அந்தப் பிள்ளையின் பள்ளிப் பையை நிரப்பும். நள்ளிரவிலே திடுக்கிட்டு விழிக்கிற நெஞ்சை யார் நிரப்புவது?

அப்படி ஒரு பிள்ளை வகுப்பிலே உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் சான்றிதழ் வாங்கியவர் வருகிறார். "கண்ணை மூடு; அமைதியை உணர்" என்கிறார். மூடினால் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அமைதியா தெரியும்? பாடையல்லவா தெரியும்! மற்றப் பிள்ளைகள் மூச்சை எண்ணுகையில் அது மரண ஓலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் முகம் மாறுவதைக் கண்டு, மெல்ல அருகே போய், "கண்ணைத் திறந்துகொள் கண்ணே, வெளியே அந்த வேப்பமரத்தைப் பார்" என்று சொல்லத் தெரிந்தவர் தேவை. அதைச் சொல்லத் தெரியாதவர் எத்தனை ஆசனம் போட்டாலும் ஆசிரியர் அல்லர்.

இது நமது கற்பனை என்று எவரேனும் சொல்லக்கூடும். மன அமைதி வகுப்புக்கு 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று பெயர் சூட்டிய மேல்நாட்டையே சாட்சிக்கு அழைப்போம்.

1979-இலே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-சின் என்பவர் இந்த முறையை வகுத்தார். புத்தநெறியின் தியானத்திலிருந்து எடுத்து, மதச் சடங்கை நீக்கி, நாள்பட்ட வலியால் வாடிய நோயாளிகளுக்குத் தந்தார். பெரியவர்களுக்கு, எட்டு வாரம், மருத்துவமனை மேற்பார்வையிலே! அதையே பின்னர் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து அதைச் சோதித்துப் பார்த்தது. மிரியட் என்ற ஆய்வு, 85 பள்ளிகள், 11 முதல் 14 வயதுவரை 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்கள் முதலில் தாங்களே பயின்றார்கள், பிறகு கற்பிக்கும் பயிற்சியும் பெற்றார்கள். 2022 ஜூலையில் முடிவு வெளிவந்தது. வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடம் படித்த பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டதாகச் சான்று இல்லை! ஏற்கெனவே மனம் வாடியிருந்த பிள்ளைகளுக்கு இது ஏற்றதாக இல்லை என்ற எச்சரிக்கையும் அந்த ஆய்விலிருந்தே எழுந்தது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலே பயிற்சி செய்யவே இல்லை. ஓரளவு பயன் கண்டவர்கள் ஆசிரியர்கள்தான். அவர்களது சோர்வு குறைந்தது.

பயின்ற ஆசிரியரை வைத்து நடத்திய இடத்திலேயே விளைவு இப்படி என்றால், இரண்டு நாள் பயின்றவரை வைத்து நடத்தினால் என்ன ஆகும்? எண்ணிப் பார்க்கட்டும், எல்லாம் அறிந்தவர்கள்!

அதற்காக மூடிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. டில்லி அரசுப் பள்ளிகளிலே 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தலாய் லாமா வந்து தொடங்கி வைத்தார். நாள்தோறும் ஒரு பாடவேளை. சில நிமிடம் மனத்தை நிலைநிறுத்துதல், பிறகு கதை, உரையாடல். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கற்பித்தவர்கள் யார்? அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே! பிள்ளையின் பெயர் தெரிந்தவர்கள், வீடு தெரிந்தவர்கள், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடியவர்கள். அந்த ஏற்பாட்டிலே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.

யோகத்துக்கும் இதே நீதிதான். மைசூர் அரண்மனையில் 1930-களிலே கிருஷ்ணமாச்சாரியார் அரச குடும்பத்துச் சிறுவர்களுக்கு யோகம் கற்பித்தார். அந்த மரபிலே வந்தவர்கள்தாம் அதை உலகெங்கும் கொண்டு சென்றார்கள். அரண்மனைப் பிள்ளைக்கு ஆசிரியர் வளைத்த வளைவை, அரைவயிற்றோடு வரும் பிள்ளைக்கும் வளைக்கலாமா? தமிழ்நாட்டிலே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லிற்று. அந்தக் குழந்தைகள்தாம் வளர்ந்து வகுப்பறைக்கு வருகிறார்கள். இரத்தம் குறைந்த பிள்ளையை மூச்சை அடக்கி நிற்கச் சொன்னால் தலை சுற்றும். வலிப்பு உள்ள பிள்ளையை வேகவேகமாக மூச்சுவிடச் சொன்னால் வலிப்பை வரவழைக்கும். வளரும் எலும்பு, இளகிய கழுத்து. தலைகீழாய் நிறுத்துவது சாகசமே தவிர நலமல்ல.

காலமும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் 1,545 அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று; 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. பசித்த பிள்ளையின் மனம் எதிலும் நிலைக்காது என்று அறிந்து செய்த செயல் அது. நம்மைக் கேட்டால், பிள்ளையின் மன அமைதிக்கு முதல் பயிற்சி அந்த உப்புமாவும் கிச்சடியும்தான்! ஆனால் உண்ட வயிற்றோடு குனிந்து வளையக்கூடாது. இரண்டு மூன்று மணி நேரமாவது கழியவேண்டும். விளம்பரத்தில் காணும் 'அதிகாலை யோகம்' நமது பள்ளிக்கு ஒத்துவராது. நண்பகல் உணவுக்குச் சற்று முன்போ, மாலையில் பள்ளி விடுவதற்கு முன்போதான் ஏற்ற வேளை. இந்தச் சின்னக் கணக்கைப் போடத் தெரிந்திருப்பதற்குப் பெயர்தான் பயிற்சி!

இனி, மந்திரத்துக்கு வருவோம். ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது யோக நெறிமுறை இருக்கு வேத வரியோடு தொடங்கி, சாந்தி மந்திரத்தோடு முடிகிறது. முதுகெலும்பு நிமிர்வதற்கு வேத வரி எதற்கு? 2015-இல் முதல் யோகா நாளின்போது எதிர்ப்பு எழுந்ததும் சூரிய நமஸ்காரத்தை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். நீக்கிய பிறகும் யோகா நாள் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை! அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993-இல் பள்ளிகளில் யோகாவையே தடைசெய்தது. 2021-இல்தான் தடையைத் தளர்த்தியது. அப்போதும் 'நமஸ்தே' சொல்லக்கூடாது, மந்திரம் கூடாது, ஆசனங்களின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று விதித்தது. அவர்கள் அச்சத்தால் தடுத்ததை நாம் பாராட்டவில்லை. பெயரை மாற்றினாலும் பயிற்சி கெடுவதில்லை என்று அங்கே தெரிந்ததல்லவா? அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மர நிலை, மலை நிலை, பாம்பு நிலை என்று தமிழிலே சொன்னால் முட்டி மடங்காதா, மூச்சு வராதா?

தமிழனுக்கு இது புதிதும் அல்ல. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே எண்வகை யோகத்தைத் தமிழிலேயே பாடியிருக்கிறார். அவ்வளவு தூரம் ஏன்? பள்ளியிலே பாடம் ஒப்பிக்காதவனுக்கு நம் வாத்தியார் போடவைத்த தோப்புக்கரணத்தை, 'சூப்பர் பிரெயின் யோகா' என்று பெயரிட்டுக் கடல்கடந்த ஊர்களிலே கற்பிக்கிறார்கள். இங்கே தண்டனை, அங்கே கட்டணம்! நம் பொருளுக்கு நம்மிடமே விலை கேட்கிற வாணிபத்தை அடையாளம் காண வேண்டாமா?

அப்படியானால் யார் கற்பிப்பது, யார் பயிற்றுவிப்பது?

சென்னை அரும்பாக்கத்திலே அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்து மருத்துவர்களாக வெளிவருகிறார்கள். ஐந்தரை ஆண்டு படித்தவர் ஒரு பக்கம். ஐந்து நாள் படித்தவர் மறு பக்கம். பிள்ளையை எவரிடம் ஒப்படைப்பீர்? அந்த மருத்துவர்கள் பயிற்றுவிக்கட்டும். குழந்தை மனநல மருத்துவர்கள் உடனிருக்கட்டும். பயிலுகிறவர்கள் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்களாக, வகுப்பாசிரியர்களாக இருக்கட்டும். பயிற்சி வேலை நாளிலே நடக்கட்டும், ஊதியத்தோடு நடக்கட்டும்.

உடற்கல்வி ஆசிரியர் என்றதும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிகளுக்கு உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் தொழிற்கல்விக்கும் பயிற்றுநர் வேண்டும் என்றது. 'பகுதிநேரம்' என்ற சொல்லையும் உடன் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படி அமர்த்தப்பட்டார்கள். நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கிலே அவர்கள் வீதிக்கு வந்தார்கள். தன் நாளை நிச்சயமின்றிக் கழிக்கும் ஆசிரியர், பிள்ளைக்கு நிம்மதியைக் கற்பிப்பது எங்ஙனம்? ஆசிரியரின் அடுப்பு எரிந்தால்தான் அவர் சொல்லும் அமைதிக்குப் பொருள் உண்டு.

உச்சநீதிமன்றத்திலே, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை யோகத்தைக் கட்டாயமாக்கு என்று மனுப் போட்டார்கள். பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று கட்டளையிடுவது தன் வேலையல்ல என்று 2017 ஆகஸ்டிலே நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. அப்படியானால் அது எவர் வேலை? மக்கள் அரசின் வேலை. மக்களின் வேலை. தோழர்களே, உங்கள் வேலை!

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆலையிலே வேலை செய்கிறவரும், கரும்பு வெட்டுகிறவரும், மலையிலே தினை விதைக்கிறவரும் அந்த நாற்காலிக்கு உரியவர்கள். கூட்டம் கூடும் நாளிலே ஒரு வேளைக் கூலி போனாலும் போகட்டும், போய் உட்காருங்கள். யோகம் கற்பிக்க எவரேனும் வந்தால் வணக்கம் சொல்லி வரவேற்று, ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஐயா, எத்தனை நாள் பயின்றீர்கள், எவரிடம்? பிள்ளைகளின் உடல்நிலையை மருத்துவர் பார்த்தாரா? தமிழில்தானே சொல்வீர்கள், மந்திரம் இல்லையே? விருப்பமில்லாத பிள்ளை கண்ணைத் திறந்து சும்மா உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? அழுகிற பிள்ளையை எவரிடம் அழைத்துப் போவீர்கள்?

ஐந்துக்கும் விடை சொல்கிறவர் வந்தால் வாசலைத் திறந்துவிடுங்கள். அவர் நம் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்லாசிரியர். விழிக்கிறவர் வந்தால், பயின்றுவிட்டு வாருங்கள் என்று பண்போடு திருப்பி அனுப்புங்கள்.

பிள்ளையின் கண்ணை மூடச் சொல்வது எளிது. மூடிய கண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவருக்கே அப்படிச் சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையைச் சான்றிதழ் விற்கிறவர் தர முடியாது. பெற்றவர்களாகிய நாம்தான் தரவேண்டும். தகுதி பார்த்துத் தருவோம்!