கறுப்புத் திரையை மெனுவில் விடுவதா, மறைப்பதா?



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் பாடசாலையில் இருப்பவை விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள். அதனால் லினக்ஸ் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு பெற்றோர் கேட்டார்: "மகள் மெனுவில் எதையோ அழுத்த, கறுப்புத் திரை வந்து கொம்பியூட்டர் பழுதாகிவிட்டது என்று அழுகிறாள். அப்படியானதை ஏன் மெனுவில் வைத்திருக்கிறீர்கள் சேர்?"

பழுதாகவில்லை. அது எச்டொப். எந்த வேலை எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று காட்டும் நிரல். (2004இல் இதை எழுதியவர் ஹிஷாம் முஹம்மத் என்ற பிரேசில்காரர். அந்த 'எச்' அவருடைய பெயர்தான்.) இது டெர்மினலுக்குள் ஓடுவது. நிரலோடு வரும் ஒரு சிறு கோப்பில் 'டெர்மினல்=ட்ரூ' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் மெனு முதலில் டெர்மினலைத் திறக்கிறது.

"எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். நாங்கள் உடன்படவில்லை. சாதாரண தரப் பாடத்தில் கட்டளைக் கோட்டு இடைமுகம் வருகிறது. பிள்ளைகள் அதைக் கண்ணால் காணாமலே பாடமாக்கி எழுதுகிறார்கள். மெனுவிலும் இல்லாவிட்டால், வீட்டில் கணினி இல்லாத பிள்ளை அதை எங்கே போய்த் தேடும்?

அதற்காக எல்லாமே மெனுவில் இருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டோம். வெளியேறும் வழியைத் திரையிலேயே எப்போதும் காட்டும் நிரல் இருக்கட்டும். எச்டொப் அடிவரியில் 'எஃப்10' என்றும், மிட்நைட் கொமாண்டர் வெறும் '10' என்றும் காட்டுகின்றன. விம் அப்படியில்லை. திறக்கும்போது வழி சொல்கிறது, ஓர் எழுத்துத் தட்டியதும் அந்தக் குறிப்பு மறைந்துவிடுகிறது. அதை 'நோடிஸ்ப்ளே=ட்ரூ' போட்டு மறைத்துவிட்டோம். நிரல் அழியவில்லை, தேவையானவர் டெர்மினலில் பெயரைத் தட்டினால் வரும்.

ஆனால் அந்த மகள் அடிவரியை வாசித்து எஃப்10ஐத்தான் அழுத்தியிருக்கிறாள். சில டெர்மினல்கள் அந்த விசையைத் தங்கள் சொந்த மெனுவைத் திறக்கப் பிடித்துக்கொள்ளும். எச்டொப்புக்கு அது போய்ச் சேரவே இல்லை. பிள்ளை செய்தது சரி. டெர்மினல் அமைப்பில் அதை நிறுத்தாமல் விட்டது எங்கள் பிழை. அவளிடம் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்லிவிட்டோம்.

மற்றக் கணினிகளில் அந்த அமைப்பை இன்னும் மாற்றவில்லை. லினக்ஸ் தெரிந்த பழைய மாணவர்கள் யாராவது ஊரில் நின்றால், ஒரு பின்னேரம் வந்து கைகொடுங்கள்.