99 சதவீதத்தைக் கேள்வி கேட்போம்!

கல்லூரி ஆசிரியத் தோழர்களே!

2024ஆம் ஆண்டில் இந்திய மக்கள் இணைய மோசடியில் பறிகொடுத்த தொகை 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு இது. அதுவும் புகார் கொடுக்கத் துணிந்தவர்களின் கணக்கு மட்டுமே. மானத்துக்கு அஞ்சி வாய் திறக்காதவர்களின் பணம் இதில் ஏறவே இல்லை.

பறிபோனது யாருடைய பணம்? பணி ஓய்வின்போது கைக்கு வந்த பி.எஃப். தொகை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த வைப்புநிதி. 'பார்ட் டைம் வேலை' என்று நம்பி, நகையை அடகு வைத்துக் கட்டிய முன்பணம். வீடியோ அழைப்பில் காக்கி உடுப்போடு தோன்றி, 'நீங்கள் டிஜிட்டல் அரஸ்டில் இருக்கிறீர்கள்' என்று மிரட்டுகிறான் ஒருவன். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமர் 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்தார். 2025இல் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அழைப்புகள் மட்டும் நின்றபாடில்லை.

இந்த வேளையில் நம் வகுப்பறைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? அதைப் பேசத்தான் இந்த அழைப்பு.

எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் இறுதியாண்டு வைவா நாளன்று போய்ப் பாருங்கள். 'கிரெடிட் கார்டு ஃபிராடு டிடெக்‌ஷன் யூசிங் மெஷின் லேர்னிங்' என்ற தலைப்பு கட்டாயம் இருக்கும். ஒரு குழு அல்ல, இரண்டு மூன்று குழுக்கள். கடைசி ஸ்லைடில் 'துல்லியம் 99.8 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் மின்னும். எக்ஸ்டர்னல் தலையசைப்பார். மதிப்பெண் விழும். அடுத்த ஆண்டு அதே ரெக்கார்டு புது அட்டையோடு வரும்.

அந்த 99.8 எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் ஒரே கோப்பிலிருந்து. 2013 செப்டம்பரில், ஐரோப்பிய அட்டைதாரர்கள் இரண்டே நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் உள்ளன. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொதுவில் வைத்தது. அவற்றில் மோசடி வெறும் 492. இப்போது கணக்குப் போடுங்கள். 'எல்லாமே நல்ல பரிவர்த்தனைதான்' என்று ஒரே வரியில் நிரல் எழுதினால் அதன் துல்லியம் 99.83 சதவீதம்! அது 492 மோசடிகளில் ஒன்றைக்கூடப் பிடிக்காது. ஆனாலும் நம் வைவாவில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும்.

அந்த ஆய்வாளர்கள் மேல் குற்றமில்லை. இப்படி ஏறுமாறான தரவில் வெறும் துல்லியத்துக்குப் பொருளே இல்லை என்று கோப்போடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை மாணவருக்குப் படித்துக் காட்ட ஆளில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

இன்னும் ஒன்று. மோசடிப் பதிவுகள் குறைவாக இருப்பதால் அவற்றைச் செயற்கையாகப் பெருக்க 'ஸ்மோட்' என்ற உத்தி 2002 முதல் இருக்கிறது. உத்தி நல்லதுதான். ஆனால் மாணவர்கள் முதலில் பெருக்கிவிட்டு, அதன் பிறகு பயிற்சிக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். சோதனைக்குரிய பதிவின் சாயல் பயிற்சியிலேயே புகுந்துவிடுகிறது. வினாத்தாள் முதல் நாளே கசிந்த தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குவது போன்றதுதான் இது. நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கபூரும் நாராயணனும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கசிவால் 17 துறைகளில் 294 ஆய்வுக் கட்டுரைகள் பாதிக்கப்பட்டதாகக் காட்டினார்கள். உலகத்துக்கே உள்ள நோய். ஆனால் மருந்து கொடுக்க வேண்டிய இடம் வகுப்பறை.

குறுஞ்செய்தி மோசடியைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்டுகளின் கதையும் இதுதான். 5,574 ஆங்கிலக் குறுஞ்செய்திகள் கொண்ட பழைய தொகுப்பு ஒன்று எல்லோர் கையிலும் சுற்றுகிறது. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் திரட்டியவை. 'பரிசு விழுந்திருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்' என்ற ரகம். நம் ஊர்க்காரரின் வாட்ஸ்அப்பில் வருவது அதுவா? 'இன்றிரவு 9.30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்', 'உரிமைத்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்', 'அக்கவுண்ட் பிளாக் ஆயிடும் சார், கே.ஒய்.சி. அப்டேட் பண்ணுங்க'. தமிழும் ஆங்கிலமும் கலந்த இந்தப் பேச்சைப் பழைய பிரிட்டிஷ் குறுஞ்செய்தியைப் படித்த நிரல் எப்படிப் பிடிக்கும்?

தோழர்களே, இது வெறும் மதிப்பெண் விவகாரம் அல்ல. நம் மாணவர்கள் இந்த மோசடியின் இரண்டு முனையிலும் நிற்கிறார்கள். ஏமாறுகிறவர்களாகவும் இருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல் கருவிகளாகவும் ஆக்கப்படுகிறார்கள். 'உன் பேங்க் அக்கவுண்டை ஒரு மாதம் கொடு, சில ஆயிரம் தருகிறேன்' என்று விடுதி வாசலில் ஆள் பிடிக்கிறார்கள். அது மியூல் கணக்கு. கொள்ளையடித்த பணம் முதலில் இறங்கும் இடம் அதுதான். போலீஸ் முதலில் வந்து நிற்பதும் கணக்கைக் கொடுத்த பையன் வீட்டு வாசலில்தான். இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்கவென்றே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல் ஹன்டர்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியது. 2024 டிசம்பரில் அது அறிவிக்கப்பட்டது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறும் என்று நம் வகுப்பில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

கருவியாக்கும் இன்னொரு வழி இன்னும் கொடியது. 'டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்து, நல்ல சம்பளம்' என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, மோசடி அழைப்பு செய்யும்படி சித்திரவதைக்கு உள்ளானார்கள். 2022 அக்டோபரில் ஒரு குழு மீட்கப்பட்டுச் சென்னை வந்தது. 2025 மார்ச்சில் மியான்மர்-தாய்லாந்து எல்லைப் பகுதியிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்துவந்தன. பட்டமும் கணினி அறிவும் இருந்தும் வேலை கிடைக்காத பிள்ளைகளைத்தான் அந்தக் கும்பல்கள் வலை வீசித் தேடுகின்றன. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் நாம்.

'விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோமே, போலீஸ் அதிகாரி வந்து பேசினாரே' என்று சிலர் சொல்வார்கள். போட்டோம். அரங்கம் நிறைந்தது, போட்டோ எடுத்தோம், 'நாக்' தர மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்தோம். பலன்? அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (சான் டியாகோ) மருத்துவமனையில் 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் எட்டு மாதம் நடத்திய ஆய்வு இந்த விஷயத்தில் கண் திறக்க வைப்பது. போலி மின்னஞ்சல் பற்றிய பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே ஏமாறும் விகிதத்தில் வேறுபாடு 1.7 சதவீதம்தான். சூரிச் இ.டி.எச். ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தில் 15 மாதம் நடத்திய ஆய்வில் ஒரு வகைப் பயிற்சி ஊழியர்களை இன்னும் எளிதாக ஏமாற வைத்தது. ஆனால் அதே சூரிச் ஆய்வு நம்பிக்கையும் தருகிறது. சந்தேகம் வந்த மின்னஞ்சலை ஊழியர்களே உடனுக்குடன் புகாரளிக்க ஒரு பொத்தான் கொடுத்தார்கள். அந்தக் கூட்டுக் கண்காணிப்பு நன்றாக வேலை செய்தது. மாதக்கணக்கில் தளரவும் இல்லை. தனி ஆளுக்குச் செய்யும் உபதேசம் தோற்ற இடத்தில் கூட்டம் வென்றது. தொழிற்சங்கத்தில் வளர்ந்த நமக்கு இது புதுப் பாடமா என்ன?

கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. 2014இல் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர்கள், வகுப்பில் தாமே செய்தும் விவாதித்தும் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகத் தோற்றார்கள். ஹார்வர்டில் 2019இல் வந்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. நல்ல சொற்பொழிவு கேட்ட மாணவர்கள் 'நிறையக் கற்றோம்' என்று உணர்ந்தார்கள். உண்மையில் அதிகம் கற்றவர்கள், திணறித் திணறித் தாமே கணக்குப் போட்டவர்கள். உணர்வு வேறு, கற்றல் வேறு. மோசடிக்காரனும் அந்த உணர்வை நம்பித்தான் பிழைக்கிறான்: 'எனக்கெல்லாம் இது தெரியும்' என்று நினைப்பவரே அவன் குறி.

ஆகவே, தோழர்களே, இந்தப் பருவத்திலேயே நாம் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது: துல்லியத்தை மட்டும் காட்டும் எந்த ப்ராஜெக்டுக்கும் கையெழுத்து இல்லை. உண்மையான மோசடிகளில் எத்தனையைப் பிடித்தாய், எத்தனை அப்பாவிகள் மேல் சந்தேகப் பழி போட்டாய் என்று கேளுங்கள். ஒரு லட்சம் பரிவர்த்தனையில் 100 மோசடி என்று வைத்துக்கொள்வோம். மோசடியில் 99 சதவீதத்தைப் பிடிக்கும், நல்லவற்றில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும் கருவி அருமையாகத் தோன்றும். அது 99 மோசடிகளைப் பிடிக்கும். கூடவே 999 அப்பாவிகளையும் பிடிக்கும். சந்தேக வலையில் விழும் பதினொரு பேரில் ஒருவர்தான் குற்றவாளி. மீதிப் பேரில் ஒருவர், யு.பி.ஐ.யில் பணம் வாங்கியதற்காகக் கணக்கு முடக்கப்பட்ட பெட்டிக்கடைக்காரராக இருக்கலாம். இந்த ஒரு கணக்கை வகுப்பில் மாணவர் கையாலேயே போட வையுங்கள். ஒரு பருவத்துப் புள்ளியியல் அதில் அடங்கிவிடும்.

இரண்டாவது: நாளை வரும் மோசடியைப் பிடிக்கத்தான் நேற்றைய தரவு. அதனால் தரவைக் காலவரிசையில் பிரித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்மோட் போடுவதானால் பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதியில் மட்டும்.

மூன்றாவது: நம் மொழியில், நம் ஊர் மோசடிச் செய்திகளின் தொகுப்பை உருவாக்குவோம். மாணவர்கள் வீட்டாரிடமும் தெருவாரிடமும் அனுமதி பெற்றுத் திரட்டட்டும். பெயர், தொலைபேசி எண், கணக்கு எண் அத்தனையும் நீக்கிய பிறகே தொகுப்பில் சேரட்டும். இது கணினித் துறையின் வேலை மட்டுமல்ல. அச்சம், அவசரம், இரகசியம் மூன்றையும் ஒரு வாக்கியத்தில் எப்படித் திணிக்கிறார்கள் என்று தமிழ்த்துறை மாணவர் ஆராயட்டும். பணம் பெற யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை என்பதை வணிகவியல் மாணவர் சந்தையில் போய்ச் சொல்லட்டும். கைதின் சட்ட நடைமுறையைச் சட்ட மாணவர் பாட்டிக்கும் புரியும்படி எழுதட்டும்.

நான்காவது: கல்லூரிதோறும் ஓர் உதவி மேசை. பணம் போன முதல் மணி நேரம்தான் உயிர்நாடி. உடனே 1930ஐ அழைத்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்புண்டு. ஏமாந்த மாணவனைத் திட்டாமல், கேலி செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வெட்கமே மோசடிக்காரனின் பெரிய கூட்டாளி.

ஐந்தாவது நிர்வாகங்களிடமும் அரசிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை. பணம் கட்டினால் சில நாளில் அச்சாகும் இதழில் மோசடித் தடுப்பு பற்றிக் கட்டுரை போடச் சொல்லி மாணவரையும் ஆசிரியரையும் நெருக்குவதை நிறுத்துங்கள். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாக ஏட்டில் காட்டப்பட்டதை 2024இல் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. ஏட்டில் மட்டும் இருக்கும் ஆசிரியர் எந்த ப்ராஜெக்டைத் திருத்துவார்? கௌரவ விரிவுரையாளர்களுக்கு முறையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொடுங்கள். அறுபது பேர் வகுப்பில் ஒவ்வொரு மாணவரின் கணக்கையும் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி வேண்டும்.

'சிலபஸில் இல்லையே' என்ற பதில் வரும் என்று தெரியும். இன்டர்னல் மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. அசைன்மென்ட் தலைப்பு நம் கையில் இருக்கிறது. வைவா கேள்வி முழுக்க நம் கையில் இருக்கிறது. பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ப்ராஜெக்ட் சென்டர்கள் விற்கும் தலைப்பை மாணவர் கொண்டுவந்தால், அந்தத் தரவு எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரிடமிருந்து எடுத்தது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாதவர் போய்த் தெரிந்துகொண்டு வரட்டும். அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

'நாம் பத்துப் பேர் மாறினால் போதுமா?' என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கும்பல்கள் ஒருங்கிணைந்து, எல்லை தாண்டி, இலக்கு வைத்து வேலை செய்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நாம் துறை துறையாக, அறை அறையாகச் சிதறிக் கிடக்கிறோம். நம்மிடம் இல்லாதது அறிவு அல்ல, அமைப்பு.

ஆகவே, இந்த மாத இறுதிக்குள் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு குழு அமையட்டும். துறைக்கு ஒருவர் வரட்டும். மாணவர்கள் பாதிக்குப் பாதி இருக்கட்டும். முதல் கூட்டத்தில் சென்ற ஆண்டு ப்ராஜெக்டுகளை எடுத்து வைத்து, எத்தனை ரெக்கார்டில் வெறும் துல்லியம் மட்டும் இருக்கிறது என்று நேர்மையாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த பருவ முடிவில் மறுபடி எண்ணி, அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பக்கத்துக் கல்லூரிக் குழுவுக்கும் அதை அனுப்புங்கள்.

பொய்யான 99 சதவீதத்தை நம் கையெழுத்தோடு வெளியே அனுப்ப மாட்டோம் என்று ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் தீர்மானம் போடுங்கள். போட்ட தீர்மானத்தை அடுத்த வைவாவில் நடத்திக் காட்டுங்கள்.

எழுந்து வாருங்கள், தோழர்களே!