குழந்தைகளோடு 2 நாள் சென்னை: லிஸ்ட் யாருக்காக?

திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கமிருந்து லீவுக்குச் சென்னை கிளம்பும் குடும்பங்களின் மொபைலில் ஒரு லிஸ்ட் இருக்கும்: வண்டலூர், மெரினா, மியூசியம், தி.நகர், மால். எல்லாம் 2 நாளில்! 4 வயசுக் குழந்தைக்கு இது சுற்றுலா இல்லை, அலைச்சல்.

ஒரு நாளைக்கு ஒரே இடம் போதும். வண்டலூர் பூங்காவே சுமார் 600 ஹெக்டேர். அருப்புக்கோட்டை வழியாகப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸில் தாம்பரத்திலேயே இறங்கினால் பூங்கா பக்கம்தான். எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம். ஆனால் அந்த ரயில் தினமும் கிடையாது. பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கணும்.

5 வயதுக்குக் கீழே பெர்த் கேட்காவிட்டால் இலவசம். 5 முதல் 11 வயது வரை பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம்; 2016 ஏப்ரலில் இருந்து இதுதான் விதி. செலவானாலும் பெர்த் எடுப்பதே நல்லது. ராத்திரி தூங்காத பிள்ளை பகலில் புலியைக் காட்டினாலும் அழும்.

மறுநாள் கடல். கண்மாய் நிறைஞ்சாலே கொண்டாடும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேணும்? வெயில் ஏறுமுன் மெரினா மணலில் ரெண்டு மணி நேரம் விளையாட விடலாம். அலை இழுக்கும், குளிக்கத் தடை. கையைப் பிடித்தபடி கால் நனைப்பதோடு சரி.

தி.நகர்? அது பெரியவங்க லிஸ்ட்.