எத்தனையில் எத்தனை?

பெருந்தொற்றுக் காலச் செய்திகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் இலக்கிய நண்பர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். "கணக்கெல்லாம் நமக்கு வராதுப்பா" என்பதில் கொஞ்சம் பெருமையும் தெரிகிறது. ஆனால் அன்று நம்மைக் குழப்பிய எண்கள் பெரும்பாலும் சரியான எண்கள்தான். வாக்கியம்தான் ஏமாற்றியது.

2021 அக்டோபர் 10. மலேசியாவில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டுவிட்டதாக அறிவித்தார்கள். மறுநாளே மாநில எல்லைகள் திறந்தன. அறிவிப்பில் பொய் இல்லை. ஆனால் கைப்பேசியில் சுற்றிய படங்களில் 'பெரியவர்களில்' என்ற சொல் உதிர்ந்துபோய், 'மலேசியாவில் 90 விழுக்காடு' மட்டும் மிஞ்சியது. அதே 2 கோடியே 10 லட்சம் பேரைப் பிள்ளைகளும் சேர்ந்த 3 கோடியே 27 லட்சம் மக்களோடு வைத்துப் பாருங்கள், 64 விழுக்காடுதான் வரும். 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அப்போது ஊசியே கிடையாது. 2022 பிப்ரவரியில்தான் போட ஆரம்பித்தார்கள்.

பயம் காட்டவும் இதே வித்தைதான். 2021 செப்டம்பர் 11 அன்று 592 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அவர்களில் பலர் முந்தைய நாட்களில் இறந்து, தாமதமாகக் கணக்கில் சேர்ந்தவர்கள். 'ஒரே நாளில் 592 பேர் பலி' என்று எழுதினால் அது வேறு கதை. சுகாதார அமைச்சு 2021 ஜூலையிலேயே தன் தரவுகளை கிட்ஹப்பில் பொதுவில் வைக்கத் தொடங்கிவிட்டது. பார்க்க ஆள்தான் இல்லை.

'மருத்துவமனையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்' என்பது இன்னொரு வகை. கற்பனையாக ஓர் ஊர்: 1,000 பேர், 900 பேர் ஊசி போட்டவர்கள். போடாத 100 பேரில் 10 பேர் படுக்கிறார்கள், போட்ட 900 பேரில் 18 பேர். படுக்கையில் ஊசி போட்டவர்களே அதிகம். ஆனால் ஆபத்து நூற்றுக்கு 10 எங்கே, நூற்றுக்கு 2 எங்கே? முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஊசி வேண்டாமென்று ஒருவர் வீட்டிலேயே இருந்தால், அந்தத் தலைப்புக்கு அவர் உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

பேராக் ரப்பர் தோட்டங்களில் பால் நிறுத்தவர்களுக்கு இது புதிதில்லை. வாளி நிறையப் பால் இருந்தாலும், அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் கூலி. தண்ணீர் சேர்ந்தால் எடை ஏறும், ரப்பர் ஏறாது. நம் செய்தித் தளங்கள் வாளியை மட்டும் தூக்கிக் காட்டின.

"நேரம் இல்லை, வந்த செய்தியை மொழிபெயர்த்துப் போட்டோம்" என்பார்கள். 'பெரியவர்களில்' என்ற ஒரு சொல்லை விட்டுவைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? தமிழில் வகுக்கும் எண்ணை ஓர் 'இல்' தாங்கி நிற்கிறது: நூற்றில், ஆயிரத்தில், பெரியவர்களில். ஒரு கவிதையில் ஓர் உருபு பிசகினால் ஒரு வாரம் சண்டை போடுகிறோம். உயிர் சம்பந்தப்பட்ட தலைப்பில் அந்த 'இல்' காணாமல் போனபோது யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தொற்றோ, தேர்தலோ, வெள்ளமோ வரும்போது, பகிர்வதற்கு முன் "எத்தனையில்? எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத செய்தியைத் திருப்பி அனுப்புங்கள்.