படுத்த இடத்துக்கு ரசீது உண்டா?

வெளியூர் வேலைக்குப் போகும் ஆலோசகர் விமான டிக்கெட், ஓட்டல் அறையைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்கிறார். 1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு தந்த வழி. அதை நாங்கள் குறை சொல்லவில்லை.

எங்கள் சேரியிலிருந்து பெயின்ட் வேலையைத் தானே பேசி எடுத்துக் கோவைக்குப் போகும் அண்ணனும் சுயதொழில்காரர்தான். அறை கேட்டால், "நீங்க எந்த ஆளுங்க?" என்கிறார்கள். வேலை நடக்கும் கட்டடத்திலேயே படுக்கிறார். அதற்கு ஏது ரசீது? இருந்தாலும் பயனில்லை, வருமானம் வரி வரம்பையே தொடாது.

ஆனால் செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறார். ஜிஎஸ்டி பதிவுள்ள ஆலோசகரோ தொழிலுக்கான போன் பில்லில் கட்டியதை, தான் செலுத்தவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துவிடுவார். அண்ணன் கட்டியது கட்டியதுதான்.

"நாங்க கட்டுற வரியிலதான் உங்களுக்கு ஸ்காலர்ஷிப்" என்று வகுப்பில் யாராவது சொன்னால், தோழர்களே, அந்த ரீசார்ஜ் கணக்கைக் காட்டுங்கள்.